ஊருக்குப் புரியும்படி

1878-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 14-ந் தேதி கல்கத்தாவில் இந்திய சர்க்காரின் சட்டசபை கூடிற்று. ஒரே நாளில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்து, பேசி, சட்டமாக்கியும் முடித்துவிட்டது. வைசிராய் லார்டு லிட்டனுடைய புகழ்பெற்ற தேசபாஷைப் பத்திரிகைச் சட்டம் அது. வங்காளியிலோ மராத்தியிலோ பத்திரிகை நடத்துகிறவரை மாஜிஸ்டிரேட்டு கூப்பிட்டு, சர்க்காருக்கு விரோதமாக எதுவும் அச்சிடுவதில்லை என்று ஜாமீன் எழுதி வாங்கலாம். மீறினால் அச்சு இயந்திரத்தையே பறிமுதல் செய்துவிடலாம். அதற்கு மேல் கோர்ட்டில் அப்பீலும் கிடையாது.

ஆனால் அதே விஷயத்தை இங்கிலீஷில் எழுதுகிறவருக்கு அந்தச் சட்டத்தால் எள்ளளவும் தொந்தரவில்லை! இதைக் கண்டுகொண்ட கல்கத்தா 'அமிர்த பஜார் பத்திரிகா' அந்த வாரத்திலேயே முழுவதும் இங்கிலீஷ் பத்திரிகையாக மாறி, சட்டத்தின் பிடியிலிருந்து நழுவிக்கொண்டது.

அது எந்தக் காலம் என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். தென்னாட்டிலும் தக்காணத்திலும் தாது வருஷப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களை வாரிக்கொண்டு போன சமயம். 1877-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி, விக்டோரியா மகாராணிக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் சூட்டியதைக் கொண்டாட டில்லியில் தர்பார் நடந்த சமயம். சர்க்காரைக் கண்டிக்க விஷயத்துக்குப் பஞ்சமில்லை, கண்டிக்கிறவர்களுக்கும் பஞ்சமில்லை. லார்டு லிட்டன் பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான்: அந்தக் கண்டனம் கடைத்தெருவுக்கும் களத்துமேட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடுமே என்பதற்கு.

அரசாங்கத்தின் போக்கில் பிசகு கண்ட அறிவாளி, தாம் கண்டதைத் தம்மையொத்த படிப்பாளிகளிடம் சொல்வதோடு நின்றுவிடலாமா? அல்லது ஊருக்குப் புரியும்படி எளிதாக்கிச் சொல்லக் கடமைப்பட்டவரா? எளிதாக்கினால் விஷயத்தின் சாரம் கெட்டுவிடாதா? எல்லா தேசங்களிலும் எல்லாக் காலங்களிலும் எழும் கேள்வி இது. நமது தேசத்தின் விடுதலைச் சரித்திரமே இதற்கு ஒரு நீண்ட பதில் என்று சொல்லலாம். அந்தப் பதிலை, ஒரே ஒரு விஷயத்தைப் பின்தொடர்ந்து போய்ப் பார்ப்போம். "இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது?" என்பதே அந்த விஷயம்.

தாதாபாயின் கணக்கு

இந்தக் கேள்வியை ஆதாரங்களோடு ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் தாதாபாய் நௌரோஜி. ஆளுகிறவர்களின் புள்ளிவிவரங்களைக் கொண்டே அவர் ஆளுகிறவர்களை மடக்கினார். பிரிட்டிஷ் இந்தியாவில் ஒரு மனிதருக்குச் சராசரியாக வருஷ வருமானம் 20 ரூபாய்தான் என்று கணக்கிட்டார். அதிகாரிகளின் சம்பள மிச்சமாகவும், பென்ஷனாகவும், வட்டியாகவும், லண்டனில் நடக்கும் இந்தியா மந்திரியின் ஆபீஸ் செலவாகவும், வருஷந்தோறும் தேசத்தின் செல்வம் ஒருவழியாகக் கடல் கடந்து வடிந்துகொண்டே இருக்கிறது என்றும், அதற்கு ஈடாக ஒன்றும் திரும்பி வருவதில்லை என்றும் நிறுவினார். அவருடைய கட்டுரைகளும், கடிதங்களும், கமிஷன்களுக்கு முன் கொடுத்த சாட்சியங்களும் 1901-ல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரே பெரும் புத்தகமாக லண்டனில் வெளிவந்தன.

தாதாபாய் இதை இங்கிலீஷில் எழுதியதற்குக் காரணம் உண்டு. அவர் பேசியது இங்கிலாந்தின் ஜனங்களோடும் பார்லிமெண்டோடும். 1892-ல் ஐந்தே ஐந்து வோட்டு வித்தியாசத்தில் காமன்ஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்தச் சபைக்குள்ளேயே நின்று வாதாடியவர் அவர். கேட்கிறவர்களுக்கு ஏற்ற பாஷையில் பேசினாரேயன்றி, பாமரரை அலட்சியம் செய்தாரில்லை.

அவருடைய அந்தக் கணக்குக் காட்டுக்குள்ளேயே ஓர் இடம் பளிச்சென்று தெரிகிறது. மாகாணம் மாகாணமாக ஒரு ஒப்புமை செய்துகொண்டு போகிறார். ஒரு பக்கத்தில், நேர்மையாக உழைத்துப் பிழைக்கும் குடியானவனுக்கு விளைச்சலில் சராசரியாகக் கிடைக்கும் பங்கு. மறு பக்கத்தில், ஜெயிலில் அடைபட்ட கைதிக்குச் சோற்றுக்கும் துணிக்கும் சர்க்கார் செலவிடும் தொகை. கைதியின் பக்கமே கனமாக இருக்கிறது! குற்றம் செய்தவன் உண்பதைவிடக் குற்றம் செய்யாதவன் குறைவாக உண்கிறான் என்பதை அறியப் பொருளாதார சாஸ்திரம் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒப்புமை, அட்டவணைகளுக்கு நடுவே, பெட்டிக்குள் வைத்த விளக்கைப் போல் இருந்தது. வெளியே எடுத்து மாடத்தில் வைக்க ஆள் வேண்டியிருந்தது.

இரண்டு பாஷை, இரண்டு நியாயம்

அப்படி எடுத்து வைத்தவர்களில் ஒருவர் சகாராம் கணேச தேவுஸ்கர். மராத்திக் குடும்பத்தில் பிறந்து வங்காளத்தில் வளர்ந்தவர். தாதாபாய், ரமேச சந்திர தத்தர் முதலியோர் இங்கிலீஷில் எழுதிய பொருளாதார விஷயங்களை எல்லாம் திரட்டி, 'தேசேர் கதா' என்ற பெயரில் வங்காளியில் 1904-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். மறு வருஷம் வங்கப் பிரிவினை வந்தது. சுதேசி இயக்கம் கிளம்பிற்று. தேவுஸ்கரின் புத்தகம் பதிப்பின்மேல் பதிப்பாகப் போயிற்று. 1910-ல் சர்க்கார் அதைத் தடை செய்தனர். அவர் எடுத்தாண்ட இங்கிலீஷ் மூலங்களோ புத்தக சாலைகளில் பத்திரமாகவே இருந்தன.

தமிழ்நாட்டில் இதே கதையை ஒரே மனிதரின் வாழ்க்கையில் காணலாம். 1878-ல் ஆறு இளைஞர்கள் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகளோடு 'ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கினார்கள். அவர்களில் தலையானவர் திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். நான்கே வருஷத்தில், 1882-ல், அவர் 'சுதேசமித்திரன்' என்று ஒரு தமிழ் வாரப் பத்திரிகையையும் ஆரம்பித்தார். 1898-ல் 'ஹிந்து'விலிருந்து விலகித் தமிழ்ப் பத்திரிகையோடு நின்றுவிட்டார். மறு வருஷம் அது தினசரியாயிற்று. இங்கிலீஷ் பத்திரிகாசிரியர் என்ற கௌரவத்தை விட்டுத் தமிழுக்கு இறங்கினார் என்று அந்தக் காலத்துக் கனவான்கள் சிலர் நினைத்திருக்கக் கூடும். உண்மையில் அவர் இறங்கிய இடம் சேறன்று, வயல்.

அந்த வயலில் உழுவது எளிதாக இல்லை. வரவுசெலவுத் திட்டம், நாணய மாற்று, பிரதிநிதித்துவம் என்று எதைத் தொட்டாலும், அதற்குத் தமிழ்ச் சொல்லையே முதலில் தேடவேண்டியிருந்தது. 1904-ல் உதவியாசிரியராக வந்து சேர்ந்த சுப்பிரமணிய பாரதியார், தந்திச் செய்திகளையும் பிரசங்கங்களையும் நாள்தோறும் தமிழாக்கியே அந்த வித்தையில் கை தேர்ந்தார். பின்னாளில் அவருடைய 'இந்தியா' பத்திரிகை கேலிச் சித்திரங்களை அச்சிட்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் அரசியலைக் கண்முன் நிறுத்தியதற்கு இந்தப் பயிற்சி உதவாமலில்லை.

சுப்பிரமணிய ஐயர் 1897-ல் லண்டனுக்குச் சென்று, இந்தியச் செலவுகளை விசாரித்த வெல்பி கமிஷன் முன் சாட்சியம் சொன்னவர். பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளாதார அம்சங்களைப் பற்றி 1903-ல் இங்கிலீஷில் ஒரு நூலும் எழுதினார். இவற்றுக்காக ஒருவரும் அவர்மேல் கை வைக்கவில்லை. 1908-ல் அவர் கைது செய்யப்பட்டது தமிழில் எழுதியதற்காக.

மகாராஷ்டிரத்திலும் அப்படியே நடந்தது. லோகமான்ய திலகருக்கு இரண்டு பத்திரிகைகள்: இங்கிலீஷில் 'மராட்டா', மராத்தியில் 'கேசரி'. 1897-ல் அவர் மீது வந்த வழக்கும், 1908-ல் வந்த வழக்கும் 'கேசரி'யில் வெளியானவற்றின் மேல்தான். 1908-ல் ஒன்பது ஜூரிகளில் ஏழு பேர் ஐரோப்பியர். மராத்திக் கட்டுரைகளின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டுதான் வழக்கு நடந்தது. அந்த மொழிபெயர்ப்பே பிழை என்று திலகர் வாதாடினார். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பாகி, ஆறு வருஷம் தேசாந்தர சிக்ஷை விதிக்கப்பட்டது. அதைக் கேட்ட பம்பாய் மில் தொழிலாளர், வருஷத்துக்கு ஒரு நாளாக ஆறு நாள் வேலையை நிறுத்தினார்கள். "பாமர ஜனங்களுக்கு அரசியல் விளங்காது" என்று சொல்லுகிறவர்கள் அந்த ஆறு நாளை எண்ணிப் பார்க்கட்டும்.

பண்டிதர்களின் ஆட்சேபங்கள்

எளிதாக்குவதற்கு எதிராக அறிவாளிகள் சொல்லும் ஆட்சேபங்கள் பல. அவற்றில் இரண்டு கவனிக்கத் தக்கவை.

முதலாவது: "கடினமான விஷயம் கடினமாகத்தான் இருக்கும். எளிதாக்கினால் அது வேறு விஷயமாகிவிடும்." இதில் உண்மை உண்டு, ஆனால் முழு உண்மையில்லை. கிணறு ஆழமாயிருப்பது குற்றமன்று. ஏற்றம் போடாமல், "கிணறு ஆழம், உனக்கு எட்டாது" என்று தாகமெடுத்தவனிடம் சொல்லுவதுதான் குற்றம். அதிலும், கடினம் என்று சொல்லப்படுவதில் எவ்வளவு விஷயத்தின் கடினம், எவ்வளவு நடையின் கடினம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கடினமான நடை சில சமயம் ஒரு கவசம். ஆளுகிறவருக்கு விளங்கினாலும் அவர் கோபப்படமாட்டார், ஏனெனில் மற்றவருக்கு விளங்காது என்பது அவருக்குத் தெரியும். லார்டு லிட்டன் இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கு அளித்த விதிவிலக்கின் ரகசியம் இதுவே. தண்டிக்கப்படாத கண்டனமெல்லாம் ஆழமான கண்டனம் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது: "எளிய சொல் கூட்டத்தைக் கிளப்பும், கிளம்பிய கூட்டம் துப்பாக்கிக்கு இரையாகும். எழுதினவர் எங்கோ இருப்பார்." இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 1908-ல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் தமிழில் பிரசங்கம் செய்தார்கள். அதற்கு முந்திய வருஷம் விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் மாலைதோறும் இங்கிலீஷில் பேசியபோது மாணவர்கள் திரண்டார்கள். தூத்துக்குடியிலோ கேட்க வந்தவர்களில் கோரல் மில் தொழிலாளரும் இருந்தார்கள். அவர்களுக்குச் சுயராஜ்யம் என்பது வேலை நேரத்தைக் கொண்டும், கூலியைக் கொண்டும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையைக் கொண்டும் விளங்கிற்று. வேலை நிறுத்தம் நடந்து, நிர்வாகம் இணங்கி வந்தது. மார்ச்சு 12-ல் தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டு, துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டனர்.

அந்த நால்வரின் உயிருக்கு யார் ஜவாப்தாரி? சுட்டவர்கள்தாம் முதல் ஜவாப்தாரி. ஆனாலும் ஊருக்குப் புரியும்படி பேசுகிறவர் இந்தக் கேள்வியைத் தம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியவரே. பிள்ளையும் சிவாவும் அதற்குச் சொன்ன பதில் அவர்களுடைய சரீரத்தில் எழுதப்பட்டது. சிவாவுக்குப் பத்து வருஷம், பிள்ளைக்கு ஆயுள் என்று விதித்த தண்டனை, ஹைகோர்ட்டில் ஆறு வருஷமாகக் குறைக்கப்பட்டது. கோயமுத்தூர் ஜெயிலில் பிள்ளையைச் செக்கில் பூட்டினார்கள். கேட்பவர் கொடுக்கும் விலையைச் சொல்பவரும் கொடுக்கத் தயாராயிருந்தால்தான் எளிய சொல் யோக்கியமான சொல்லாகும்.

எளிமை கெடும் இடம்

இத்தனையும் சொன்ன பிறகு, மறு பக்கத்தையும் பார்க்காவிட்டால் நியாயமாகாது. எளிதாக்குவதில் உண்மையாகவே ஆபத்து இருக்கிறது. அது கல்வியில்லாத கேட்பவரிடமிருந்து வருவதில்லை. அவசரப்படும் சொல்பவரிடமிருந்து வருகிறது.

திலகர் 1893-லிருந்து விநாயக சதுர்த்தியைப் பொது விழாவாக்கினார். பிறகு சிவாஜி உற்சவத்தையும் தொடங்கினார். பத்திரிகை படிக்காத ஆயிரக்கணக்கானவர்களை அந்த விழாக்கள் அரசியலுக்கு அழைத்துவந்தன. அழைப்பு எளிதாகத்தான் இருந்தது. ஆனால் எல்லோருக்குமான அழைப்பாக இல்லை. முஸ்லிம்கள் ஒதுங்கி நின்றார்கள். யாருடைய மனத்தில் முன்பே ஒரு சித்திரம் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டுமே அந்த எளிமை எளிமையாயிருந்தது.

இன்னொரு குறையும் உண்டு. தாதாபாயின் வாதத்தைச் சுருக்கிக்கொண்டே போனவர்களில் பலர், கடைசியில் "வெள்ளைக்காரனால் ஏழையானோம்" என்ற ஒரே வாக்கியத்தில் வந்து நின்றார்கள். அது பொய்யன்று. ஆனால் அதில் லேவாதேவிக்காரரைக் காணோம், ஜமீன்தாரைக் காணோம், தீண்டாமையைக் காணோம். பூனாவில் ஜோதிராவ் புலே 1880-களின் தொடக்கத்திலேயே குடியானவனின் துயரத்தைப் பற்றி மராத்தியில், 'விவசாயியின் சாட்டை' என்ற கருத்துள்ள தலைப்போடு, நூல் எழுதினார். சர்க்கார் அதிகாரியின் கொடுமையோடு, அவருக்குக் கீழே உட்கார்ந்து குடியானவனைச் சுரண்டும் உள்ளூர் உத்தியோகஸ்தரின் கொடுமையையும், சாதியின் கொடுமையையும் சேர்த்தே அவர் எழுதினார். படித்தவர்களின் சங்கங்கள் குடியானவனுக்காகப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டாலும் அவனை அறியா என்று இடித்துரைத்தார். 1947-ல் வெள்ளைக்காரர் போனார்கள். வறுமை அவர்களோடு கப்பலேறவில்லை. எதைச் சுருக்கத்தில் விட்டுவிட்டோமோ அது நம்மிடமே தங்கிவிட்டது.

ஆகையால் எளிதாக்கலாமா என்ற கேள்வியோடு நிற்காமல், எப்படி எளிதாக்குவது என்று கேட்கவேண்டியிருக்கிறது.

எதிர்க் கேள்விக்கு இடம்

இதற்கு ஒரு நல்ல வழியை அதே புலே காட்டினார். 1873-ல் அவர் வெளியிட்ட 'குலாம்கிரி' என்ற நூல் இருவர் சம்பாஷணையாக அமைந்தது. முப்பத்தாறு வருஷத்துக்குப் பின் மகாத்மா காந்தியும் அந்த உருவத்தையே எடுத்துக்கொண்டார். 1909-ஆம் வருஷம் நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில், பத்தே நாளில், குஜராத்தியில் அவர் எழுதிய 'ஹிந்த் ஸ்வராஜ்' ஒரு வாசகரும் ஒரு பத்திராதிபரும் பேசிக்கொள்வதாக நடக்கிறது. வாசகர் ஆத்திரக்காரர், ஆயுதத்தை எடுத்தால்தான் காரியம் நடக்கும் என்று நினைப்பவர். பத்திராதிபர் சொல்வதை அவர் எளிதில் ஒப்புக்கொள்ளுகிறாரில்லை. மடக்கி மடக்கிக் கேட்கிறார்.

சம்பாஷணையின் பெருமை இங்கேதான். பாஷை எளியது, ஆனால் எதிர்க் கட்சியின் பலமான வாதம் புத்தகத்துக்குள்ளேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. படிக்கிறவர் தாமாகத் தீர்ப்புச் சொல்ல இடமிருக்கிறது. எதிர்க் கேள்வியை வெட்டி எறிந்துவிட்டு எளிதாக்கினால் அது கோஷம். எதிர்க் கேள்வியைக் கூடவே அழைத்துக்கொண்டு எளிதாக்கினால் அது கல்வி.

1910 மார்ச்சில் பம்பாய் சர்க்கார் குஜராத்திப் புத்தகத்தைத் தடை செய்தனர். காந்திஜி உடனே அதைத் தாமே இங்கிலீஷில் மொழிபெயர்த்து வெளியிட்டார். எளிய பாஷையில் முதலில் எழுதிவிட்டு, படித்தவர்களுக்காகப் பின்னால் மொழிபெயர்த்த அந்த வரிசையை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

உப்பில் அடங்கிய சாஸ்திரம்

1901-ஆம் வருஷத்து ஜனக் கணக்கில் எழுத்தறிந்தவர்கள் 100-க்கு 5 பேருக்குச் சற்று அதிகம். ஆகவே தேசபாஷையில் எழுதினாலும் பெரும்பாலோருக்கு எட்டாது. எழுத்தே வேண்டாத ஒரு விளக்கம் தேவைப்பட்டது. அது 1930-ல் கிடைத்தது.

அந்த வருஷம் மார்ச்சு 2-ந் தேதி காந்திஜி வைசிராய் லார்டு இர்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். வைசிராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய். அதாவது நாளொன்றுக்கு 700 ரூபாய். இந்தியரின் சராசரி வருமானமோ நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் குறைவு. வீட்டில் கணக்கு எழுதுகிறவர்கள் போட்டுப் பார்க்கட்டும்: 700 ரூபாய்க்கு 11,200 அணா, இரண்டால் வகுத்தால் 5,600. ஐயாயிரம் இந்தியரின் வருமானத்துக்கு மேல் ஒருவருக்குப் போகிறது. இங்கிலாந்தின் பிரதம மந்திரி வாங்குவதோ அந்நாட்டுச் சராசரி வருமானத்தைப்போல் தொண்ணூறு மடங்குதான் என்பதையும் காந்திஜி எடுத்துக் காட்டினார். தாதாபாயின் அறுநூறு பக்கமும் இந்த ஒரு வகுத்தல் கணக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது!

இதைவிட முக்கியமானது அடுத்தாற்போல் அவர் சொன்னது. வைசிராயைத் தனிப்பட்ட மனிதராகத் தாம் மதிப்பதாகவும், அவரைப் புண்படுத்தத் தாம் விரும்பவில்லை என்றும், இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்திருக்கும் ஆட்சி முறையே ஒழியத் தக்கது என்றும் எழுதினார். எளிதாக்கியும், குற்றத்தை ஆளின் தலையில் கட்டாமல் முறையின் தலையில் கட்டினார். எளிதாக்குகிறவர்கள் பெரும்பாலும் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பிறகு உப்பு வந்தது. சுயராஜ்யத்துக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று காங்கிரஸ் தலைவர்களே முதலில் திகைத்தார்கள்; ஜவஹர்லால் நேருவும் அதற்கு விலக்கல்லர். ஆனால் அடுப்படியில் இருக்கும் ஸ்திரீகளுக்குத் திகைப்பே ஏற்படவில்லை. கடல் கொண்டுவந்து கரையில் கொட்டும் பொருளைக் கையால் அள்ளினால் குற்றம்; கடையில் வரி கொடுத்து வாங்க வேண்டும்; அந்த வரியும் செல்வனுக்கும் ஏழைக்கும் ஒன்றே. இதற்கு வியாக்கியானம் எதற்கு?

ஏப்ரல் 6-ந் தேதி தண்டியில் சட்டம் மீறப்பட்டது. ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து தொண்டர் படை வேதாரணியத்துக்குப் புறப்பட்டது. சத்தியாக்கிரகிகளுக்குச் சோறு போடுகிறவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் எச்சரிக்கை விட்டார். வழிநெடுக ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை மரக் கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்! சோறு போட்டவர் யார் என்று மரத்தையா விசாரிக்க முடியும்? பொருளாதார நூல் எதையும் படியாத ஜனங்கள் விஷயத்தைப் புரிந்துகொண்டதோடு, தலைவர்கள் சொல்லிக்கொடுக்காத ஓர் உபாயத்தையும் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். எளிதாக்கிச் சொல்வது பாமரருக்குச் செய்யும் தர்மம் என்று நினைக்கும் பண்டிதர்களுக்கு இது நல்ல பாடம். கொடுத்ததைவிட அதிகமாகத் திரும்பி வந்தது.

சுயராஜ்யத்துக்குப் பிறகு

அந்நியர் போன பிறகு இந்தக் கேள்வி தீர்ந்துவிட்டதா? இல்லை. குடியாட்சியில் அது இன்னும் அவசரமாகிவிட்டது. வோட்டு எல்லோர் கையிலும் இருக்கிறது; விஷயம் சிலர் கையில் இருக்கிறது.

சுதந்திர இந்தியாவிலிருந்தும் ஓர் உதாரணம் பார்ப்போம். ராஜஸ்தானத்தில் ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தைத் துறந்துவந்த அருணா ராயும் அவருடைய சகாக்களும் குடியானவர்களோடும் கூலியாட்களோடும் சேர்ந்து 1990-ல் ஒரு சங்கம் அமைத்தனர். பஞ்சாயத்து வேலைகளில் ஊழல் என்று கட்டுரை எழுதுவது எளிது. அவர்கள் வேறொன்று செய்தார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற கிராமத்தில் ஊரைக் கூட்டி, வேலையாட்களின் வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் உரக்கப் படித்தார்கள். "இன்னாருக்கு இத்தனை நாள் கூலி கொடுக்கப்பட்டது" என்று படித்தால், அந்த இன்னார் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்! தமக்குக் கூலி வந்ததா இல்லையா என்று அவரே சாட்சி சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட கூட்டங்கள் ஊர் ஊராகப் பரவின. செத்துப் போனவர்களின் பெயரில் கூலி பட்டுவாடா ஆனதும், கட்டாத கட்டிடத்துக்குக் கணக்கு முடிந்ததும் சந்தி சிரித்தன. அந்த முயற்சி வளர்ந்து வளர்ந்து, 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று.

இதில் ஓர் எழுத்தாவது சுருக்கப்பட்டதா? கணக்கு முழுவதும் அப்படியே படிக்கப்பட்டது. கேட்பவர் தம் அனுபவத்தைக் கொண்டு சரிபார்க்கக்கூடிய இடத்துக்கு அது கொண்டுவந்து வைக்கப்பட்டது, அவ்வளவுதான். கைதியின் சோற்றை எடுத்துக்காட்டிய தாதாபாயும், உப்பைக் கையில் அள்ளிய காந்திஜியும் செய்தது இதே காரியம். எளிமை என்பதன் உரைகல் இதுவென்று நமக்குத் தோன்றுகிறது. கேட்பவர், "ஆமாம், நீர் சொல்வது சரி" என்றோ, "இல்லை, என் ஊரில் அப்படியில்லை" என்றோ சொல்ல முடிகிறதா? முடிந்தால் அவரைப் பிரஜையாக மதித்தோம். "ஜே!" என்று கூவ மட்டும் முடிந்தால் அவரைக் கூட்டமாக்கினோம்.

ஆகவே அறிவாளிகள் தங்கள் ஆராய்ச்சியை விட்டுவிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. தாதாபாய் இல்லாவிட்டால் தேவுஸ்கர் இல்லை. சுப்பிரமணிய ஐயரின் தலையங்கங்களும் இல்லை. பெரிய புத்தகம் இருக்கட்டும்; பெரிய புத்தகத்துக்குத் திரும்பிப் போகும் வழியும் திறந்திருக்கட்டும். ஆனால் அதை எழுதி முடித்ததோடு பாதி வேலைதான் முடிந்தது என்று அவர்கள் அறிய வேண்டும். மீதிப் பாதி, தாய்மொழியில், எதிர்க் கேள்விக்கு இடம் விட்டு, ஆளைப் பழிக்காமல் முறையை விளக்கி, அதற்குரிய விலையையும் கொடுக்கத் துணிந்து செய்ய வேண்டிய வேலை. அதைச் செய்யாமல் "ஜனங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று குறைபடுவது, பரிமாறாமலே விருந்தினரைப் பசியில்லாதவர் என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

லார்டு லிட்டனின் சட்டத்தை 1882-ல் லார்டு ரிப்பன் ரத்து செய்தார். ஆயினும் லிட்டன் கண்டுபிடித்த உண்மை ரத்தாகவில்லை. கண்டனம் எந்தப் பாஷையில் இருக்கிறது, அது யாருக்கு விளங்குகிறது என்பதைத்தான் அதிகாரத்திலிருப்பவர்கள் எப்போதும் முதலில் பார்க்கிறார்கள். அதைக் கண்டிக்க முன்வருகிற அறிவாளிகளும் அதையே முதலில் பார்ப்பது நலம்.